காலையா, மாலையா?

"காது நல்லாத்தான் கேக்குது டாக்டர். இவங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறாங்க."

பரிசோதனைக்கு வரும் பெரியவர்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். (நான் டாக்டர் இல்லை, ஆடியாலஜிஸ்ட்; காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது என் வேலை. திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.)

போன மாதம் வந்தவருக்கு எழுபது தாண்டியிருக்கும். அவர் சொன்னதில் பாதி உண்மை. கேட்கும் திறனைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காக வந்தது. 2000-ஐத் தாண்டியதும் சறுக்குமரம் மாதிரி இறங்கிவிட்டது. வயதால் வரும் குறை பெரும்பாலும் இப்படித்தான். ஆ, ஊ போன்ற உயிரொலிகள் கனமானவை, காதில் விழுந்துவிடும். க, ச, த போன்றவற்றின் சன்னமான, உயர்ந்த சுருதி ஒலி நழுவிவிடும். கடை, சடை, தடை மூன்றும் அவருக்கு ஒன்றுதான். விட்டுப்போனதை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும்.

இது வயதானவர்கள் சமாச்சாரம் மட்டுமல்ல. 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர், ஒலிப்பதிவில் ஒரு சொல்லின் நடுவே ஓர் ஒலியை வெட்டிவிட்டு அங்கே இருமலை வைத்தார். கேட்டவர்களுக்கு அந்தச் சொல் முழுசாகவே கேட்டது.

இந்தப் பெரியவர் வீட்டில் நடந்ததும் இதுதான். மிக்ஸி ஓடிக்கொண்டிருக்க, சமையலறையிலிருந்தே மருமகள், "புது மாத்திரைய மாலையில போடுங்க மாமா" என்றிருக்கிறார். பல வருஷமாகக் காலையில் மாத்திரை போட்டுப் பழகியவருக்குக் 'காலையில' என்றே கேட்டிருக்கிறது. நாலு நாள் அப்படியே ஓடியிருக்கிறது. அப்புறம் சண்டை.

'ம' சொல்ல உதடு மூடவேண்டும், 'க'வுக்கு வேண்டாம். எதிரே நின்று சொல்லியிருந்தால் கண்ணே காட்டிக்கொடுத்திருக்கும். கண்ணுக்கு அவ்வளவு செல்வாக்கு. 1976-இல் மெக்கர்க்கும் மெக்டொனால்டும் செய்த சோதனையில், வாயசைவு 'கேஸ் அடுப்பு' என்பதன் முதல் எழுத்து, ஒலி 'பஸ்' என்பதன் முதல் எழுத்து. பார்த்துக்கொண்டே கேட்ட பெரும்பாலோர் காதில் விழுந்ததோ 'டாக்டர்' என்பதன் முதல் எழுத்து!

அவருக்குக் கருவி வேண்டும்தான், அது தனிக்கதை. அதற்கு முன் மருமகளை அவர் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, மாத்திரை விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். கத்தியே சொன்னார். கத்தினால் உயிரொலிதான் பெருகும். சன்னமானது அந்த அளவுக்குக் கூடாது.

"ஏம்மா திட்டுற?" என்றார் பெரியவர்.

"சரி, முன்னால வந்து நிதானமாச் சொல்லுங்க. 'புரிஞ்சுதா'ன்னு கேட்காதீங்க, தலையாட்டிடுவார். என்ன சொன்னேன்னு கேளுங்க" என்றேன்.

மருமகள் எதிரே உட்கார்ந்து சொன்னார், என்ன சொன்னேன் என்றும் கேட்டார்.

"மாலையில போடணும்" என்ற பெரியவர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, இப்பத்தான் ஒழுங்காப் பேசுது."