அலைவாங்கி அல்ல, அலைக்கொம்பு

“செலுத்தும் அலைவாங்கியை வீட்டுக் கூரைக்கு மேலே பொருத்தவும்.” ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்கான உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக யாரோ மொழிபெயர்த்த கையேட்டில் இப்படி ஒரு வரி. செலுத்துகிற ஒன்று எப்படி வாங்கியாகும்? ஆண்டெனாவுக்குத் தமிழில் வழங்கும் இந்த ‘அலைவாங்கி’ என்ற சொல்லைப் பல வருடங்களாகச் சகித்துக்கொண்டுதான் வந்தேன். அதே கையேட்டில் சில பக்கங்கள் தள்ளி ‘பான அலைவாங்கி’ என்று ஒன்றைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பானத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் சொல்லின் பிறப்பு. ஆண்டெனா என்பது லத்தீன். பாய்மரத்தின் குறுக்கே பாயைத் தாங்கும் மரத்துக்கு அது பெயர். நம் கடற்கரையில் பருமல் என்பார்களே, அது. கிரேக்கத்தில் அந்த மரம் ‘கெராயா’. அதன் அடிப்பொருள் கொம்பு. பூச்சியின் தலையில் நீட்டிக்கொண்டிருப்பதையும் அரிஸ்டாட்டில் அதே சொல்லால் குறித்தார். 15-ஆம் நூற்றாண்டில் அவருடைய விலங்கியல் நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்த தியோடோர் காசா, அந்த இடத்தில் ஆண்டெனா என்று எழுதினார். இத்தாலியனில் ஆண்டெனா என்றால் கழி, கம்பம். 1895-இல் மார்க்கோனி கம்பியைக் கழியில் உயர்த்திக் கட்டிச் சோதித்தார். கழியின் பெயர் கம்பிக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் வரலாறு. இதில் வாங்குதலும் இல்லை, கொடுத்தலும் இல்லை.

தமிழில் கொம்பு என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். மாட்டுக்குக் கொம்பு. மரக்கிளையும் கொம்புதான், அதில் கட்டியிருப்பது கொம்புத்தேன். கொடி பற்றி ஏற நட்ட கழி கொழுகொம்பு. கெராயாவுக்கு இருந்த இரட்டைப் பொருள், கொம்பும் மரமும், நம் சொல்லில் யாரும் புகுத்தாமலே இருக்கிறது. உயிரியலில் பூச்சிக்கு உணர்கொம்பு என்று எழுதி அது நன்றாக நிலைத்தும் விட்டது. வானொலிக்கு மட்டும் ஏன் அந்த வழியை விட்டோம்?

அலைவாங்கி எப்படி வந்திருக்கும் என்பது புரியாமல் இல்லை. நம் மக்கள் கண்ணால் கண்ட முதல் ஆண்டெனா மொட்டைமாடி டி.வி. ஆண்டெனா. ஒருவர் மேலே நின்று குழாயைத் திருப்புவார், கீழேயிருந்து “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் போதும்” என்று குரல் போகும். அந்த ஆண்டெனா வாங்க மட்டுமே செய்தது. ஒலிவாங்கி என்ற நல்ல சொல்லும் பக்கத்தில் தயாராக இருந்தது, அச்சு எடுத்தாயிற்று. ஆனால் ஒலிவாங்கியின் வேலை ஒலியை வாங்குவது ஒன்றுதான், இடிதாங்கியின் வேலை இடியைத் தாங்குவது ஒன்றுதான். பெயர் பொருந்துகிறது. ஆண்டெனாவுக்கு அப்படி ஒரு திசை கிடையாது. ஒரே கம்பி அலையை அனுப்பும், வரும் அலையைப் பிடிக்கும். எந்தத் திசையில் நன்றாக அனுப்புகிறதோ அந்தத் திசையிலிருந்து நன்றாகக் கேட்கும். இது அந்தத் துறையின் அடிப்படை விதி. அந்த விதியையே மறைக்கிற பெயரை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித்தருவது?

‘பேச்சுவழக்கில் போகட்டுமே’ என்பவர்களுக்கு நான் காட்ட நினைப்பது நீண்டதூரத் தொடர்புக்கான தாழ் அலைவரிசைகளை, முக்கியமாக அலைநீளத்தை வைத்து 160 மீட்டர் என்று அழைக்கும் வரிசையை. சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸ். அங்கே கால் அலைநீளம் என்றாலே 40 மீட்டர் உயரம். செலுத்துவதற்கு அப்படியொரு நெட்டுக்குத்தான கம்பமும் அடியில் பரப்பிய மண்கம்பிகளும் அருமையாக வேலை செய்யும். அதிலேயே காதைக் கொடுத்தால் எல்லாப் பக்கத்து இரைச்சலும் வந்து கொட்டும்: எங்கோ இடிக்கிற இடி, பக்கத்து வீட்டு எல்இடி விளக்கு, சார்ஜர், இன்வர்ட்டர். செலுத்தும்போது சக்தி வீணாகக் கூடாது; கேட்கும்போது இரைச்சல் குறைய வேண்டும். இரண்டும் வேறு வேறு தேவை. அதனால் இந்த அலைவரிசைகளில் அக்கறையுள்ளவர்கள் கேட்பதற்கென்றே தனி ஆண்டெனா கட்டுகிறார்கள்.

அதைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது ஒரே ஒரு கணக்கு: நாம் விரும்பும் திசையில் எவ்வளவு கேட்கிறது, எல்லாத் திசைகளின் சராசரி எவ்வளவு, இரண்டுக்கும் இடைவெளி என்ன. இடைவெளி கூடக் கூட நல்லது. குட்டையான செங்குத்துக் கம்பத்துக்கு இது சுமார் 5 டெசிபெல். கே9ஏஒய் என்ற கம்பி வளைய ஆண்டெனாவுக்குச் சுமார் ஏழரை. சுமார் 26 மீட்டர் கம்பியும் ஏழரை மீட்டர் கழியும் போதும், கொல்லைப்புறத்தில் அடங்கிவிடும். ஒரு அலைநீளம், அதாவது 160 மீட்டர், தரைக்குச் சற்று மேலே இழுத்துக் கட்டிய ‘பெவரேஜ்’ என்ற நீள்கம்பி ஆண்டெனாவுக்கு 10 டெசிபெல் அளவில். இந்தப் பெவரேஜ் உண்மையில் மிகவும் பலவீனமான ஆண்டெனா. பிடித்த சக்தியில் பெரும்பகுதியை மண்ணிலும் மின்தடையிலும் விட்டுவிடும். சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து குறைவதால் நஷ்டமில்லை. ஆங்கிலத்தில் ‘கெயின்’ குறைவு என்பதைக் கையேடு ‘ஆதாயம் குறைந்தது’ என்று மொழிபெயர்த்து, படிக்கிறவன் வேண்டாம் என்று ஒதுக்கும்படி செய்திருக்கிறது.

ஆக, தாழ் அலைவரிசைக்காரர் வீட்டில் செலுத்த ஒன்று, வாங்க ஒன்று. கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர். விளைவை நேரிலேயே பார்த்தேன். என்னிடம் பழகும் கல்லூரிப் பையன் ஒருவன், தென்னந்தோப்பில் வடமேற்கே ஐரோப்பாவைப் பார்த்து இரண்டு மீட்டர் உயரத்தில் பெவரேஜ் கம்பி கட்டினான். கடைசித் தென்னையின் அடியில் மண்ணில் அடித்த கம்பிக்கும் இதற்கும் நடுவே 470 ஓம் மின்தடை. வேலை சுத்தம். ரிக், அதாவது செலுத்தவும் வாங்கவும் செய்யும் வானொலிப் பெட்டி. அதன் பின்னால் இரண்டு சாக்கெட்: ஒன்று செலுத்தவும் வாங்கவும் பொதுவானது, இன்னொன்று வாங்க மட்டும். கையேடு சொன்னது, “அலைவாங்கியை ஆண்டெனா சாக்கெட்டில் இணைக்கவும்”. இணைத்தான். கம்பியின் இந்த முனையிலிருந்த மின்மாற்றி, ரிக்குக்கு ஏற்றபடி மின்மறுப்பைச் (இம்பீடன்ஸ்) சரியாகப் பொருத்தியிருந்ததால் ரிக்குக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை, 100 வாட்டையும் கொடுத்தது. “அண்ணா, திடீர்னு இரைச்சல் கூடிப்போச்சு, ஐரோப்பா சரியாவே கேட்கலை” என்று போன் செய்தான். போய்ப் பார்த்தால் மின்தடையின் வண்ணக்கோடுகள் ஒன்றுகூடத் தெரியவில்லை; நடுவில் வெடித்துக் கரியாகி, ஈயம் உருகித் தென்னை வேரில் சொட்டியிருந்தது. அவன் தப்பு செய்யவில்லை. எழுதியிருந்தபடி செய்தான்.

இனி பானம். பெவரேஜ் என்பது ஹரால்ட் பெவரேஜ் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர். 1921 டிசம்பரில் அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்ற அமெச்சூர் வானொலிச் சங்கம் அனுப்பிய பால் காட்லி, ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் சுமார் 1,300 அடி நீளத்துக்கு இந்தக் கம்பியைக் கட்டி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிரீனிச்சிலிருந்து அமெச்சூர்கள் இயக்கிய 1பிசிஜி என்ற நிலையத்தை அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் கேட்டார். அமெச்சூர் வானொலியின் பெருமைமிக்க இரவுகளில் ஒன்று அது. அதில் பங்குள்ள மனிதரின் பெயரை அகராதியில் தேடிப் ‘பானம்’ என்று எழுதுவதா? ஆள்பெயரா பொருட்பெயரா என்று ஒரு நிமிடம் யோசித்தால் தெரிந்திருக்கும்.

கம்பி தரையோடு படுத்துக் கிடக்கிறதே, அதைக் கொம்பு என்னலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பருமலும் படுத்த மரம்தான். செங்குத்தாய் நிற்பது பாய்மரம். ஆண்டெனா அதன் குறுக்கே கிடந்தது. சரியாகச் சொன்னால் பெவரேஜ்தான் மூலப்பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது. நுண்ணலையில் வாய் விரிந்த உலோகக் குழாய் வடிவம் ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் அதற்கும் கொம்பு என்ற பெயர். தமிழில் புனல்கொம்பு என்றால் வடிவமும் விளங்கிவிடும். அலைக்கம்பி, விண்ணலைக்கம்பி என்பாரும் உண்டு. அவை அலைவாங்கியைவிட எவ்வளவோ மேல். ஆனால் டிஷ் கம்பியில்லை, செல்பேசிக்குள் பலகையில் பொறித்த செப்புத் தடமும் கம்பியில்லை.

எனவே பொதுப்பெயர் அலைக்கொம்பு. செலுத்தக் கட்டியது செலுத்துகொம்பு, கேட்க மட்டும் கட்டியது வாங்குகொம்பு. அலைவாங்கியை விட மனமில்லாதவர்கள் இந்தக் கடைசி வகைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளட்டும்; அங்கே அது பொய்யில்லை. பேசும்போது நானும் ஆண்டெனா என்றுதான் சொல்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. பொருளைத் திரிக்காத கடன்சொல், பொருளைத் திரிக்கும் தனித்தமிழைவிட மேல். தனித்தமிழில் பற்றுள்ளவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். பட்டியலைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுகிறவர்கள் ஒரு நாளாவது தோப்பில் நின்று கம்பியைப் பிடித்திருந்தால் இந்த வரிகள் அச்சேறியிருக்காது.

சாக்கெட்டில் இணைக்கச் சொன்ன அந்தக் கையேட்டு வரியை இப்படித் திருத்தி அனுப்பியிருக்கிறேன்: “பெவரேஜ் வாங்குகொம்பை, வாங்குவதற்கு மட்டுமான சாக்கெட்டில் இணைக்கவும். செலுத்துகொம்பின் சாக்கெட்டில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. கோடியிலுள்ள மின்தடை எரிந்துவிடும்.”