மூளைச்சாவுக்குப் பிறகும் ஊசி எதற்கு?

"இறந்துட்டான்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்கு டாக்டர் இன்னும் ஊசி போடுறீங்க?"

பைக் விபத்தில் தலையில் அடிபட்டு வந்த ஓர் இளைஞரின் சித்தப்பா கேட்டார். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து மூளைச்சாவை உறுதிசெய்திருந்தோம். உறுப்பு தானத்துக்குக் குடும்பம் கையெழுத்தும் போட்டுவிட்டது. ஐசியூவில் வேலை பார்க்கும் நான் இந்தக் கேள்வியைப் பல முறை கேட்டிருக்கிறேன். பில்லை ஏற்றுகிறார்களோ என்ற பயம் அதற்குள் இருக்கும். பயப்படுவது நியாயம்தான்.

மூளை செத்ததும் உடல் அமைதியாக அடங்கிவிடுவதில்லை. மூளைத்தண்டு நசுங்கும்போது அட்ரினலின் வெள்ளமாகப் பாய்ந்து ரத்த அழுத்தம் எகிறும், கொஞ்ச நேரத்தில் சரிந்து விழும். சிறுநீர் லிட்டர் கணக்கில் போகலாம். உடம்பு சில்லிடும். இவையெல்லாம் மானிட்டரில் தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பது ஒன்று உண்டு: நோய் எதிர்ப்பு மண்டலம், கிருமி எதுவும் நுழையாமலே, போருக்குக் கிளம்பிவிடுகிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் ரத்தத்தில் கூடுகின்றன. வெள்ளையணுக்கள் சிறுநீரகத்துக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் புகுகின்றன. எடுப்பதற்கு முன்பே உறுப்பு அழற்சியோடு இருக்கிறது. அப்படிப்பட்ட உறுப்பைப் பெறுபவரின் உடல் அதை அந்நியமென்று சீக்கிரமே கண்டுகொள்ளும்.

1995இல் உறுப்பு மாற்று ஆய்வாளர் பால் தெராசாகியின் குழுவினர் அமெரிக்கப் பதிவுகளை அலசினார்கள். கணவன் மனைவிக்குள் ரத்த உறவு இல்லை, திசுப் பொருத்தமும் குறைவு. ஆனாலும் உயிரோடிருக்கும் கணவனோ மனைவியோ தன் துணைக்குக் கொடுத்த சிறுநீரகங்களில் 85 சதவீதம் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை செய்தன. இறந்தவர்களிடமிருந்து பெற்றவற்றில் 70 சதவீதம்தான். உறுப்பு எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பது அவ்வளவு முக்கியம்.

அதனால்தான் ஊசி. ரத்த அழுத்தம் விழாமலிருக்க நார்அட்ரினலின், சிறுநீர்ப்போக்கைக் கட்டுப்படுத்த வாசோபிரசின், பல இடங்களில் அழற்சியைக் குறைக்க ஸ்டீராய்டும். ஸ்டீராய்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அது சிறுநீரகத்தின் அழற்சியைக் குறைத்தது, ஆனால் பொருத்திய பிறகு சிறுநீரகம் வேலை தொடங்குவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2015இல் வந்த அமெரிக்க ஆய்வு. கொடையாளரின் உடல் வெப்பத்தை 34–35 டிகிரி செல்சியஸில் வைத்தபோது, சிறுநீரகம் பெற்றவர்களில் முதல் வாரத்திலேயே டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 28 சதவீதம். வழக்கமான வெப்பத்தில் 39. மருந்தே இல்லை, இரண்டு டிகிரி வித்தியாசம்தான்!

இதைச் சுருக்கமாகச் சொன்னேன். சித்தப்பா கொஞ்ச நேரம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இந்த ஊசியெல்லாம் வாங்கிக்கப் போறவங்களுக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

பில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூளைச்சாவு அறிவித்த பிறகு கொடையாளரைப் பராமரிக்கும் செலவும் உறுப்பை எடுக்கும் செலவும் கொடையாளரின் குடும்பத்தைச் சேராது. 2014ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளிலேயே அது இருக்கிறது. பில்லில் அந்த நேரத்துக்கான தொகை வந்திருந்தால் மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.