புரொபெல்லரைக் கடைசியில் மாட்டுங்கள்

அந்தப் பையன் முதலில் கையைத்தான் காட்டினான். ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானத்தை அப்புறம் காட்டினான். வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலுமாக ஏழு தையல். விமானத்தில் ஒரு கீறல்கூட இல்லை, ஏனென்றால் அது இன்னும் பறக்கவே இல்லை. கிட் வாங்கி மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டிய பால்சா மர டிரெய்னர், அதாவது பறக்கவிடப் பழகுபவர்களுக்கான விமானம். இறக்கையின் குறுக்குச் சட்டங்களான ரிப்கள் நேராக நின்றன, மேலே ஒட்டிய ஃபிலிமில் ஒரு சுருக்கம் இல்லை. கோவையில் கல்லூரி மாணவர்களுக்கு ஏரோமாடலிங் சொல்லிக்கொடுப்பதும் உடைந்து வருவதைச் சரிசெய்வதும்தான் என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் நான் பார்த்த கைக்காயங்களில் முக்கால்வாசி இவனுடையதைப் போல வீட்டு மேசையில் நடந்தவை. மைதானத்தில் எல்லோரும் பயந்து தள்ளி நிற்பார்கள். மேசையில் அந்தப் பயம் வருவதில்லை.

அன்று அவன் செய்யப் போனது சின்ன வேலை. இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்களான சர்வோக்கள் சரியான பக்கம் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பேட்டரியைச் செருகினான். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. விடாமல் பீப் அடித்தது. ரேடியோவில், அதாவது கையில் பிடித்து இயக்கும் ரிமோட்டில், வேகத்துக்கான த்ராட்டில் குச்சி கீழேதான் இருந்தது, ஆனால் மோட்டார் தயாராகவில்லை. சில ரேடியோக்களில் த்ராட்டில் சேனலின் திசை தலைகீழாக அமைந்திருக்கும். குச்சி கீழே இருந்தால் ஈ.எஸ்.சி.க்கு அது முழு வேகம். அப்படி இருக்கும்போது அது மோட்டாரை ஓட்டாது, எச்சரித்துக்கொண்டே இருக்கும். இவன் சத்தத்தை நிறுத்துவதற்காகக் குச்சியை மேலே தள்ளிப் பார்த்தான். பீப் நின்றது. ‘சரி, இப்போது தயார்’ என்று குச்சியைக் கீழே இழுத்தான். முழு வேகம். விமானம் மேசையை விட்டுப் பாய, அனிச்சையாக அதன் மூக்கைப் பிடித்தான். அங்கே சுற்றிக்கொண்டிருந்த புரொபெல்லரில் விரல்கள் பட்டன.

10 அங்குல புரொபெல்லர் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 380 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ‘பிளாஸ்டிக்தானே’ என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். மேசை விசிறியில் விரல் பட்டால் இறக்கை நின்றுவிடும். இந்த விமானங்களில் இருக்கும் பிரஷ்லெஸ் மோட்டார் அப்படி விடாது. விரலில் முட்டினாலும் ஈ.எஸ்.சி. மறுபடி மறுபடி சுற்றவைக்கப் பார்க்கும். அதனால்தான் ஒரே வெட்டாக இல்லாமல் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வருகிறது.

என் பட்டறையில் ஒரே விதிதான். விமானத்தை ரேடியோவோடு இணைக்கும் பைண்ட், சர்வோ திசை, சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் எல்லாம் முடியும்வரை புரொபெல்லர் டப்பாவில் இருக்கும். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க ஷாஃப்டில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும்.

ஃபெயில்சேஃப் என்றதும் பலர் ‘விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர் தானாகப் பார்த்துக்கொள்ளும்’ என்கிறார்கள். எல்லா ரிசீவரும் பார்த்துக்கொள்ளாது. சிக்னல் போனால் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும் ரகமும் உண்டு. சோதிப்பது எளிது. புரொபெல்லர் இல்லாமல் மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு ரேடியோவை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் மைதானத்துக்கே போகாதீர்கள். இந்த ஒரு சோதனை தவிர மற்ற நேரமெல்லாம் ரேடியோதான் முதலில் ஆன், கடைசியில் ஆஃப்.

ஒட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கிட்டோடு வரும் வரைபடமே சொல்லிவிடும். ஒன்று மட்டும். ஃபெவிக்விக் வகைப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் சட்டென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும். வழிந்ததைப் பழைய பனியனால் துடைத்துச் சூடு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

கிட் பெட்டியில் வருவது பெரும்பாலும் மரமும் கம்பியும்தான். மோட்டார், ஈ.எஸ்.சி., சர்வோ, ரேடியோ, பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். பட்ஜெட் இடிக்கும்போது முதலில் கைவைப்பது சார்ஜரில். ஒரு பெற்றோராக நீங்கள் ஒரே பொருளுக்குத்தான் கூடுதலாகக் காசு கொடுப்பீர்கள் என்றால், தயவுசெய்து அது பேட்டரியின் எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் நல்ல பேலன்ஸ் சார்ஜராக இருக்கட்டும்.

மாணவர்கள் வாங்கும் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் வழக்கமாக மூன்று செல். ஒவ்வொன்றும் முழு சார்ஜில் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றக்கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,200 மில்லியாம்பியர்-மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் சார்ஜ் போட்டால் ஒரு மணி நேரம் ஆகும். ‘நாளைக்குப் போட்டி, 20 நிமிடத்தில் ஏறட்டும்’ என்று ஆம்பியரைக் கூட்டுவதும், சார்ஜரில் பேட்டரி வகையைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பதும்தான் பெரும்பாலான தீக்குக் காரணம். எங்கள் பட்டறையில் அடியில் மணல் பரப்பிய மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுவோம். பக்கத்தில் ஆள் இருப்பார். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது, மெத்தைமேல் வைத்துப் போடுவது இரண்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் வேண்டாம்.

பேட்டரி பூரிபோல உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று ஒருவன் கிளம்பினான், நல்லவேளையாக என்னிடம் கேட்டுவிட்டான். உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. விமானம் விழுந்து பேட்டரி நசுங்கியிருந்தால் உடனே பைக்குள் போடாமல், அரை மணி நேரமாவது வெட்டவெளியில் தள்ளி வைத்துக் கவனியுங்கள். தீ சில சமயம் தாமதமாகத்தான் வரும். பத்து நாள் பறக்கவிடப் போவதில்லையென்றால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை உள்ளே வைத்து சி.ஜி., அதாவது எடை மையம், பாருங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே இரண்டு விரலால் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். இறக்கை 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் 5 முதல் ஆறரை சென்டிமீட்டர் தூரம். மூக்கு கொஞ்சம் கனமாக இருந்தால் சமாளிக்கலாம். வால் கனத்தோடு முதல் முறை பறக்கவிடுபவரால் காப்பாற்றவே முடியாது. அடுத்து, விமானத்துக்குப் பின்னால் நின்று குச்சியை வலதுபக்கம் தள்ளுங்கள். வலது அய்லரான், அதாவது வலது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பு, மேலே எழ வேண்டும். தலைகீழாக இருப்பதைக் கவனிக்காமல் கிளப்பினால் விமானம் மூன்று விநாடியில் தரையில்.

இடத்தையும் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகள் வந்த பிறகு அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளி பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி உயரம் வரை பறக்கவிடலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். கோவை விமான நிலையத்துக்கு அருகே இருக்கும் பீளமேட்டுப் பக்கம் கல்லூரி மைதானம் காலியாகக் கிடக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள்.

தையல் பிரித்த மறுவாரம் அந்தப் பையன் வந்தான். ரேடியோவில் த்ராட்டில் திசையை இருவரும் உட்கார்ந்து மாற்றினோம், ஃபெயில்சேஃபைச் சோதித்தோம். எல்லாம் சரி என்று நான் தலையாட்டியதும் பேட்டரியைக் கழற்றினான். பிறகுதான் சட்டைப் பையிலிருந்து புரொபெல்லரையும் நட்டையும் வெளியே எடுத்தான்.