பாஸ் மீன் பசித்துத்தான் தூண்டிலைக் கடிக்கிறதா?

வசந்த காலத்தில் வட அமெரிக்க ஏரிகளின் கரையோரத்தில், ஆழமில்லாத தண்ணீரில் சிக்கும் பெரிய லார்ஜ்மவுத் பாஸ் மீன்களில் பல இரை தேடி வந்தவை அல்ல, முட்டைக்குக் காவல் நிற்கும் அப்பாக்கள். அந்தக் கண்டத்தில் தூண்டில்காரர்கள் அதிகம் தேடிப்போகும் நன்னீர் மீன் இதுதான். ஆனாலும் இது ஏன் கடிக்கிறது என்ற கேள்விக்குப் பசி என்ற ஒரே பதிலோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, சாதாரண நாளில் அது எப்படிச் சாப்பிடுகிறது என்று முதலில் பார்ப்போம். வெகுதூரம் துரத்திப் பிடிக்கும் மீன் இல்லை இது. நீர்ச்செடிகளின் ஓரம், தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் மரம், படகுத்துறையின் நிழல் என்று ஏதாவது ஒரு மறைவில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். சின்ன மீனோ தவளையோ பக்கத்தில் வந்ததும் வாயைத் திறக்கும். நாம் கடி என்கிறோம், உண்மையில் நடப்பது உறிஞ்சல். தாடைகள் முன்னால் நீள, செவுள் மூடிகள் வெளியே விரிய, வாய்க்குள் அழுத்தம் சட்டென்று குறைகிறது. உடனே வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே பாய்கிறது, இரையும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. இத்தனையும் வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அப்புறம் தண்ணீர் செவுள் வழியாக வெளியேறும், பிடிக்காத பொருளாக இருந்தால் அதே வேகத்தில் துப்பியும் விடும்.

கண் பார்வை நல்லதுதான், ஆனால் நம் கண் மாதிரி இல்லை. நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் இதற்கு இரண்டே வகை, ஒன்று பச்சைக்கு, மற்றது சிவப்புக்கு. பயிற்சி கொடுத்துச் சோதித்தபோது சிவப்பை எளிதாக அடையாளம் கண்ட மீன்கள், நீலத்தையும் கறுப்பையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டன. கலங்கலான தண்ணீரில் பக்கக்கோடு கைகொடுக்கும். உடலின் இரு பக்கமும் ஓடும் இந்த உணர்வுறுப்புக்கு, அருகில் ஏதாவது நீந்தினால் தண்ணீரில் எழும் சின்ன அசைவே போதும்.

இப்போது கூட்டுக்கு வருவோம். தண்ணீர் ஏறக்குறைய 16 டிகிரி செல்சியஸைத் தொடும்போது ஆண் மீன் கரையோரம் வந்து, வாலால் தரையை அடித்து அடித்துச் சேற்றை விலக்கி வட்டமாக ஒரு பள்ளம் உண்டாக்குகிறது. பெண் மீன் அதில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பின் எல்லாப் பொறுப்பும் ஆணுக்குத்தான். முட்டை மேல் மண் படியாமலும் ஆக்சிஜன் குறையாமலும் இருக்கத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறது, நெருங்கும் எதையும் முட்டித் துரத்துகிறது. சில நாட்களில் குஞ்சு பொரிந்த பிறகும் அவை கூட்டமாக நீந்தும் வரை காவல் தொடர்கிறது, இதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். இந்த நாட்களில் அது சரியாகச் சாப்பிடுவதே இல்லை. அப்படிப்பட்ட மீனின் கூட்டுக்கு மேல் ஒரு போலி இரை வந்து விழுந்தால் அது பாய்வது குஞ்சைக் காப்பாற்றத்தான்.

பிடித்த மீனை உடனே தண்ணீரில் விட்டுவிட்டால் என்ன ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். புளூகில் போன்ற சின்ன மீன்கள் பக்கத்திலேயே காத்திருக்கும். அப்பா கூட்டை விட்டு இழுபட்ட சில நிமிடங்களிலேயே அவை உள்ளே புகுந்து முட்டைகளைத் தின்ன ஆரம்பித்துவிடும். திரும்பி வரும் மீன், மிச்சம் கொஞ்சம்தான் என்று கண்டால் கூட்டையே கைவிட்டுவிடுவதும் உண்டு.

இதைவிட ஆழமான விஷயம் ஒன்று இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் நடந்த நீண்ட ஆய்வில் தெரிந்தது. அங்கே பிடிபட்ட ஒவ்வொரு பாஸையும் அடையாளமிட்டு, கணக்கில் எழுதி, திரும்ப விட்டார்கள். ஒரு மீன் ஒரே ஆண்டில் 16 முறை சிக்கியது. நான்கு ஆண்டு கழித்து ஏரியை வடித்துப் பார்த்தபோது கிடைத்த 1,700க்கும் மேற்பட்ட மீன்களில் சுமார் 200 ஒருமுறைகூடச் சிக்காதவை. அடிக்கடி சிக்கியவற்றைத் தங்களுக்குள்ளும், சிக்காதவற்றைத் தங்களுக்குள்ளும் இனப்பெருக்கம் செய்யவிட்டு, அடுத்தடுத்த தலைமுறைகளிலும் அதையே தொடர்ந்தார்கள். இரண்டு வம்சங்களுக்கும் இடையிலான வித்தியாசம் தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போனது. அதாவது தூண்டிலில் எளிதாகச் சிக்கும் குணம் ஓரளவு பரம்பரையாகவே வருகிறது.

எளிதில் சிக்கும் வம்சத்து ஆண்களுக்கு ஓய்வில்கூட இதயம் வேகமாகத் துடிக்கிறது, உடல் அதிக ஆற்றலைச் செலவழிக்கிறது. கூட்டை அதிக மூர்க்கமாகக் காப்பதும் இவைதான். யோசித்துப் பாருங்கள், நாம் முதலில் பிடித்து எடுப்பது நல்ல அப்பாக்களை. அப்படி எடுத்துக்கொண்டே போனால் ஏரியில் மிஞ்சுவது அக்கறை குறைந்த அப்பாக்களின் வாரிசுகள்தான். எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த மாற்றம் கண்ணில் படவே படாது. கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் முட்டையிடும் பருவம் முடிந்த பிறகே பாஸ் சீசனைத் திறக்கும் வழக்கத்துக்கு நான் முழு ஆதரவு.

தடை இல்லாத ஏரியில் கூட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சுற்றியுள்ள தரையைவிட வெளிறிய ஒரு வட்டம் கரையோரம் தெரியும், உங்கள் நிழல் விழுந்ததும் விலகிப் போகும் மீன் சற்று நேரத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்கும். அங்கே தூண்டிலைப் போடாமல் இன்னும் ஆழமான பக்கமாக நகர்ந்துவிடுங்கள், முட்டையிட்டு முடித்த பெண் மீன்கள் அந்தப் பக்கம்தான் போயிருக்கும்.