அறையே கேமரா

2020 ஊரடங்கில் வெளியே போய்ப் படமெடுக்க வழியில்லாதபோது, சன்னலை அடைத்து, அதில் ஒரு சிறு துளை மட்டும் விட்டு, தெருவையே வீட்டுக்குள் வரவழைத்தவர்கள் உண்டு. லத்தீனில் ‘கேமரா’ என்றால் அறை. ‘கேமரா அப்ஸ்க்யூரா’, அதாவது இருட்டறை, என்ற பெயரை 1604-ல் எழுதிவைத்தவர் கெப்ளர்.

ஒளி நேர்க்கோட்டில் போகும். எதிர்க் கட்டடத்தின் உச்சியிலிருந்து துளைக்குள் நுழைவது சரிந்து சுவரின் அடியில் விழும். தரையிலிருந்து வருவது ஏறிக் கூரையருகே விழும். அதனால்தான் சுவரில் தெரு தலைகீழாகத் தொங்குகிறது.

சன்னலை அடைக்க அட்டையும் சமையலறை அலுமினியத் தாளும் போதும். கருப்புக் குப்பைப் பையென்றால் இரண்டு அடுக்கு போடுங்கள், ஓரடுக்கில் ஒளி ஊடுருவும். கதவின் அடி இடுக்கில் துணியைச் செருகி, பத்து நிமிடம் இருட்டிலேயே உட்காருங்கள். கண் பழகியதும் ஒளி கசியும் இடங்கள் தாமாகத் தெரியும். அப்போதுதான் வைஃபை பெட்டியின் பச்சைப் புள்ளிகூட எதிரி என்பது புரியும். அதன்மேலும் டேப் ஒட்டுங்கள்.

துளையின் அளவில்தான் எல்லாமே இருக்கிறது. சன்னலுக்கும் சுவருக்கும் 3 மீட்டர் என்றால் 15 மி.மீ. துளையில் தொடங்கலாம். வெளியிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சுவரில் குறைந்தது அந்த அளவு வட்டமாக விரியும், ஆகவே படம் சற்றுக் கலங்கலாகத்தான் இருக்கும். துளையைச் சுருக்கினால் கூர்மை ஏறும், வெளிச்சம் இறங்கும். இந்தத் தொலைவுக்கு ஏறக்குறைய 2.4 மி.மீ. எல்லை. அதற்கும் கீழே போனால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவி, படம் மறுபடி கலங்கும். அந்த எல்லையிலேயே வெளிச்சம் சுமார் நாற்பதில் ஒரு பங்காகிவிடும் என்பதால், சுவரில் படம் கண்ணுக்குத் தெரிவதே கடினம்.

15 மி.மீ. துளை என்பது எஃப் 200, அதாவது சுவரின் தொலைவு துளையின் அகலத்தைப்போல் 200 மடங்கு. இந்த எண் கூடக்கூட வெளிச்சம் குறையும். வெளியே நல்ல வெயில் அடித்தாலும் சுவரில் விழுவது முழுநிலவு வெளிச்சமளவுதான். இதற்கு ஒரு மலிவான மருந்து வெள்ளெழுத்துக் கண்ணாடி. +1 பவர் வில்லையின் குவியத் தொலைவு 1 மீட்டர். அதைத் துளையில் ஒட்டி, திறப்பை 25 மி.மீ. ஆக்கி, ஒரு மீட்டருக்குச் சற்றுத் தள்ளி வெள்ளைப் போர்வையை விறைப்பாகக் கட்டுங்கள். எஃப் 40 ஆகிவிடும், அதாவது 25 மடங்கு வெளிச்சம். படம் சிறிதாகும், ஆனால் இலைகள்கூடப் பிரிந்து தெரியும். போர்வையை முன்னும் பின்னும் நகர்த்திக் கூர்மையான இடத்தைப் பிடியுங்கள். வில்லையில் சூரியன் நேரடியாக விழ விடாதீர்கள், குவியுமிடம் சுடும்.

பலர் சறுக்குவது நேரத்தில். சன்னலில் வெயில் அடிக்கக் கூடாது, எதிர்க் கட்டடத்தில் அடிக்க வேண்டும். கிழக்குச் சன்னலுக்கு மாலை, மேற்குச் சன்னலுக்குக் காலை.

இனி, சுவரில் விழுந்ததைப் படமெடுப்பது. கேமரா முக்காலியில் இருக்கட்டும், ஃப்ளாஷ் வேண்டாம். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். டார்ச்சை அடித்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றியபின் அணையுங்கள். வெறும் துளைக்கு, கேமராவில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 800, எஃப் 4 வைத்து, ஷட்டரை 10 நொடி திறந்துவைத்துத் தொடங்கலாம். மொபைலில் ப்ரோ மோடு இருந்தால் 4 நொடி, கூடவே டைமர். பத்து நொடியில் நடந்துபோகிறவர்கள் கரைந்துவிடுவார்கள், நிற்கும் வண்டி மட்டும் மிஞ்சும். 1991-ல் இப்படி அறைகளைப் படமெடுக்கத் தொடங்கிய புகைப்படக் கலைஞர் அபெலார்டோ மோரெல்லுக்கு அன்றைய பிலிமில் ஒரு படத்துக்கு ஐந்து முதல் பத்து மணி நேரம் ஆனது.

எடுத்த படத்தைச் சும்மா 180 பாகை சுழற்றினால் பெயர்ப்பலகை எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் வரும். சுவரை எதிரே நின்று பார்க்கும்போது மேல்கீழ் மட்டுமே மாறியிருக்கிறது, இடவலம் மாறவில்லை. ஆகவே ‘ஃப்ளிப் வெர்ட்டிகல்’ போடுங்கள். போர்வையின் பின்பக்கம் நின்று எடுத்திருந்தால் இரண்டும் மாறியிருக்கும். அங்கே சுழற்றுவதே சரி.