மர கிரீன்ஹவுஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல அடிச்சட்டத்தைப் பாருங்க

தோட்டத்துக்கு மர கிரீன்ஹவுஸ் செஞ்சு குடுக்கிறதும் பழசை ரிப்பேர் பண்றதும்தான் என் தொழில். ரிப்பேருக்கு கூப்பிடுறவங்க வீட்டுல பெரும்பாலும் ஒரே எடத்துலதான் பிரச்சனை இருக்கும், தரையை ஒட்டின அடிச்சட்டம். கூரை நல்லா இருக்கும், கண்ணாடி நல்லா இருக்கும், கீழ ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் மரம் இத்துப் போயிருக்கும்.

போன மாசம் பார்த்தது அப்படித்தான். வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கு, மூலையில திருப்புளியை வச்சு லேசா அழுத்தினேன், பாதி வரைக்கும் உள்ள போயிடுச்சு. பெயின்ட்டை உரிச்சா உள்ள மரம் காபி கலர்ல சதுரம் சதுரமா வெடிச்சு கையால கிள்ளினாலே உதிருது. காரணம் ரெண்டு, வெளிப்பக்கம் மண்ணும் இலைதழையும் சட்டம் வரைக்கும் ஏறிக் கிடந்தது, கூரைத் தண்ணியைப் பிடிச்சு வடிக்க ஓரத்துல கட்டர்ங்கிற நீளத் தொட்டி இல்லாததால சொட்டுறது எல்லாம் தரையில பட்டு திரும்ப மரத்துமேலயே தெறிச்சுட்டு இருந்திருக்கு.

மரம் நனையுறதுல தப்பில்லங்க, நனைஞ்சது காயணும், அவ்வளவுதான். அழுக வைக்கிறது பூஞ்சை, மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அது வளராது. அதுலயும் மரத்தை குறுக்க அறுத்த முனை இருக்கே, அது ஸ்ட்ரா கட்டு மாதிரி தண்ணியை உறிஞ்சும், பக்கவாட்டுல உறிஞ்சுறதைவிட பல மடங்கு வேகமா. அதனாலதான் கொளுத்து, அதாவது ரெண்டு மரம் சேர்ற இணைப்பு வர்ற எடம், நிக்கிற சட்டம் அடிச்சட்டத்துல உக்கார்ற எடம், கண்ணாடியைத் தாங்குற ஒல்லிக் கட்டையான ரீப்பரோட கீழ் முனை இதெல்லாம் முதல்ல போகுது.

வாங்கும்போது எல்லாரும் என்ன மரம்னு மட்டும்தான் கேக்குறாங்க. கேக்கணும், தப்பில்ல. வெஸ்டர்ன் ரெட் சீடார்ங்கிற மரத்துல இயற்கையாவே பூஞ்சையைத் தாங்குற பொருள் இருக்கு, எடையும் கம்மி, அவ்வளவா வளையாது. ஆனா சாதா இரும்பு ஆணி அடிச்சா ஆணியும் அரிக்கும், மரத்துல கறுப்புக் கறையும் வழியும், அதனால ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டிருக்கான்னு பாருங்க. பைன் மரம் வாங்கினா பிரஷர் ட்ரீட்மென்ட், அதாவது அழுத்தம் குடுத்து அழுகாம இருக்க மருந்து ஏத்தினதா வாங்குங்க, அதை சைட்டுல அறுத்தா அறுத்த முனைக்கு மறுபடி மருந்து அடிக்கணும், நிறைய பேரு இதை விட்டுடுறாங்க. மருந்து ஏத்தாத மரம் எதுவா இருந்தாலும் வைரம் பாஞ்ச பகுதிதான் தாங்கும், தேக்குன்னு சொல்லி ஓரத்து வெள்ளையை வச்சு செஞ்சா அந்தப் பேருக்கு அர்த்தமே இல்ல.

என்னைக் கேட்டா மரத்தைவிட முக்கியம் அது எதுமேல உக்காருதுங்கிறதுதான். செங்கல் இல்லன்னா கான்கிரீட் திண்டு கட்டி, நடுவுல ஈரம் ஏறாத ஷீட் விரிச்சு, அதுக்கு மேலதான் அடிச்சட்டம் வரணும். சட்டத்தோட மேல்பக்கம் தட்டையா இல்லாம வெளிப்பக்கமா சரிவா இழைச்சிருந்தா தண்ணி நிக்காது. விலை கூடின சீடாரை வெறும் மண்ணுல வைக்கிறதுக்கு, சுமாரான பைனை நல்ல திண்டுமேல வைக்கலாம்.

கூரையில திறக்கிற ஜன்னல் எல்லாம் சேர்த்து தரைப் பரப்புல 15லேர்ந்து 20 சதவீதம் இருக்கணும். செடிக்கு சூடு தணியத்தான் இதுன்னு நினைக்கிறாங்க, மரமும் அதுலதான் காயுது. செடிக்குக் காலையிலயே தண்ணி ஊத்திட்டு ஜன்னலைத் திறந்து விட்டீங்கன்னா ராத்திரிக்குள்ள உள்ள ஈரம் குறைஞ்சிடும். கண்ணாடின்னா டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடு பண்ணி கெட்டிப்படுத்தின கண்ணாடி போடுங்க, மரம் ஈரத்துல உப்பி வெயில்ல சுருங்கும், அதனால ஓரத்துல கொஞ்சம் இடைவெளி விடணும். பாலிகார்பனேட்ங்கிற பிளாஸ்டிக் ஷீட்னா வெயிலைத் தாங்குற யூவி கோட்டிங் இருக்கிற பக்கம் வெளிய பார்க்கணும், மாத்தி மாட்டினா சீக்கிரம் மஞ்சளாயிடும்.

பராமரிப்புக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, நல்லா காய்ஞ்ச நாளா பார்த்து ஒதுக்குங்க. செடியை வெளிய எடுத்து வச்சுட்டு பாசியை பிரஷ் போட்டு தேச்சுக் கழுவுங்க, கட்டர்ல இலையை அள்ளுங்க, சட்டத்தை ஒட்டின மண்ணைத் தள்ளி விடுங்க. அப்புறம் திருப்புளியால மூலைமூலையா குத்திப் பாருங்க, இதைத்தான் யாரும் செய்யுறதில்ல. மரம் முழுசா காய்ஞ்சதும் ஈரம் வெளிய போக விடுற மாதிரி ஸ்டெயின்ங்கிற மரச்சாயம் இல்லன்னா மர எண்ணெய் அடிக்கலாம், அறுத்த முனைக்கு ரெண்டு மூணு கோட் கூடவே குடுங்க. கெட்டியா படலம் போடுற வார்னிஷ் வேண்டாம், ஒரு விரிசல் விட்டா தண்ணி உள்ள போயி வெளிய வர முடியாம அங்கயே தங்கிடும். தார்லேர்ந்து எடுக்கிற கிரியோசோட்ங்கிற மர மருந்தை அடிக்கவே அடிக்காதீங்க, அந்த ஆவி செடியைக் கருக்கிடும்.

அழுகல் தெரிஞ்சா பட்டி வச்சு மூடிடாதீங்க. நல்ல மரம் தெரியுற வரைக்கும் அறுத்தெடுத்து, அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சேர்த்து அறுத்து, புதுத்துண்டு முனைக்கு மருந்து அடிச்சு சேருங்க, அதுக்கு முன்னாடி தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பார்த்து நிறுத்துங்க. அறுத்தெடுத்த பழைய துண்டை அடுப்புல போட்டுடாதீங்க, பழைய ட்ரீட்மென்ட் மரத்துல ஆர்சனிக்ங்கிற விஷம் இருக்கலாம், எரிச்சா புகையிலயும் சாம்பல்லயும் அது வரும்.