அட்மிஷன் கடிதத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த வரி

மூன்று வருஷத்துக்கு முன், மார்ச் மாதக் கடைசியில், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு நான் ஆலோசனை சொல்லிவந்த ஒரு அப்பா கூப்பிட்டார். "பையனுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைச்சிருச்சு மேடம்!" குரலிலேயே பூரிப்பு. கடிதத்தைத் திரையில் காட்டச் சொன்னேன். பெரிய எழுத்தில் வாழ்த்து. அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கிப் படிக்கவேண்டிய அளவில்: 'இன்ஜினியரிங் – அண்டிக்ளேர்ட்', அதாவது பிரிவு இன்னும் முடிவாகவில்லை. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்பது பையன் விண்ணப்பத்தில் எழுதிய விருப்பம். கல்லூரி கொடுத்திருந்தது பொறியியலின் முன்வாசல் மட்டும்தான். உள்ளே எந்த அறை என்பது ஒரு வருஷம் கழித்துத் தெரியும்.

"அப்போ கிடைக்கலையா?" என்று பக்கத்திலிருந்து அம்மா கேட்டார். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

கட்-ஆஃப், கவுன்சிலிங், ஒரு சீட், நாலு வருஷம் என்று பழகி வந்த நம் பெற்றோருக்கு அமெரிக்க முறை புரியாமல் போவது இந்த இடத்தில்தான். இங்கே பல பல்கலைக்கழகங்களில் பொறியியலுக்கு இரண்டு கதவு: கல்லூரிக்குள் நுழைய ஒன்று, 'மேஜர்' எனப்படும் குறிப்பிட்ட பிரிவுக்குள் நுழைய இன்னொன்று. முதல் கதவைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவது கதவு எப்போது திறக்கும், யாருக்குத் திறக்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

இரண்டு கதவையும் ஒன்றாகவே வைத்திருக்கும் இடங்கள் உண்டு. இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்னின் கிரெய்ஞ்சர் பொறியியல் கல்லூரி அப்படி. பெரும்பாலோரைக் குறிப்பிட்ட மேஜருக்கே நேரடியாகச் சேர்க்கிறார்கள். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமும் மேஜர் பார்த்துத்தான் எடுக்கிறது. இங்கேதான் டெக்சஸ் குடும்பங்கள் வருஷா வருஷம் ஏமாறுகின்றன. வகுப்பில் முன்னணியில் இருப்பவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் என்று 1997-இல் அங்கே சட்டம் வந்தது. ஆஸ்டினுக்கு அது வெகுநாள் முதல் 6 சதவீதமாக இருந்து, 2026 இலையுதிர் பருவச் சேர்க்கையிலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. ஆனால் சட்டம் உறுதி தருவது பல்கலைக்கழகத்துக்கு மட்டும், மேஜருக்கு அல்ல. "ஆட்டோ அட்மிட்" என்று நிம்மதியாக இருந்துவிட்டு, கேட்ட பொறியியல் கிடைக்காமல் வேறு துறையில் இடம் வந்ததைப் பார்த்து விக்கித்துப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மறுபக்கம் பர்டூ, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகங்கள். எல்லோரும் முதல் வருஷம் பொதுப் பொறியியல்; கால்குலஸ், இயற்பியல், வேதியியல், கொஞ்சம் புரோகிராமிங். அதன்பிறகே மேஜர். ஏ அண்ட் எம்மில் இதற்கு 'ஈட்டாம்' (என்ட்ரி டு எ மேஜர்) என்று பெயர். 3.75 ஜிபிஏ (நாலுக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) இருந்தால் முதல் விருப்பம் தானாகக் கிடைக்கும் என்பது விதி, முன்பு 3.5 ஆக இருந்ததை ஏற்றிவிட்டார்கள். 3.75 என்றதும் "அவ்வளவுதானே, என் பொண்ணு ஸ்கூல்ல 4.0" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 28 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் எண்) எடுக்கிறாள் என்று வையுங்கள். ஏ-க்கு 4, பி-க்கு 3. நாலு கிரெடிட் பாடம் ஒன்றில் பி, மூணு கிரெடிட் பாடம் ஒன்றில் பி, மற்றதெல்லாம் ஏ என்றால் சரியாக 3.75. அத்தோடு சரி. இன்னொரு பி விழுந்தால், மீதி இடங்களுக்கு விண்ணப்பத்தை முழுசாகப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் போய் நிற்க வேண்டும்.

இதில் ஏபி பாடங்களை, அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்களை, வைத்து ஒரு சிக்கல். ஏபி தேர்வில் 5 வாங்கினால் கிரெடிட் கிடைக்கும், ஆனால் அது கல்லூரி ஜிபிஏ-வில் ஏறாது. பள்ளியிலேயே கால்குலஸ் முடித்த பிள்ளை நேராக மூன்றாம் கால்குலஸில் போய் உட்காரும். அங்கே வாங்கும் பி தான் கணக்கில் வரும். அடித்தளம் ஆட்டம் காண்கிறது என்றால் இரண்டாம் கால்குலஸிலிருந்து தொடங்கச் சொல்வேன். கௌரவக் குறைச்சல் என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும்.

சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2018-இலிருந்து புதியவர்களைப் பொறியியல் கல்லூரிக்கு நேரடியாக எடுத்து, பிறகு மேஜரில் அமர்த்துகிறது. ஒழுங்காகப் படித்தால் ஏதாவது ஒரு பொறியியல் மேஜர் நிச்சயம். 'ஏதாவது ஒரு' என்ற சொல்லை நிதானமாகப் படியுங்கள். எம்ஐடி போன்ற சில இடங்களில் இந்தக் கவலையே கிடையாது. முதல் வருஷ முடிவில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம், இட வரம்பு இல்லை. அங்கே முதல் கதவுதான் மலை.

பின்வாசல் யோசனை கேட்டு என்னிடம் வராத மாதமில்லை. "மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்ல சேர்ந்துட்டு அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கலாம்ல?" ஒரு காலத்தில் சில இடங்களில் நடந்தது. பெர்க்லியில் கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்து, சில பாடங்களில் 3.3 எடுத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போகும் வழி இருந்தது. 2023 இலையுதிர் பருவத்திலிருந்து சேரும்போதே தேர்வு என்று மாற்றிவிட்டார்கள். பொறியியலில் மற்ற மேஜர்களைத் தாராளமாகத் திறந்து வைத்திருக்கும் மிச்சிகனும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தனிப் பூட்டுப் போட்டிருக்கிறது. இன்னொன்று, மெட்டீரியல்ஸ் மேல் ஆசையே இல்லாத பிள்ளை 'எனக்கு ஏன் மெட்டீரியல்ஸ்' என்று எழுதும் கட்டுரை முதல் பத்தியிலேயே பல்லிளிக்கும்.

அதனால் பட்டியல் போடும்போது கல்லூரியின் தரவரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் சொல்கிறேன். மேஜர் எப்போது முடிவாகும், எந்த ஜிபிஏ-வில் உறுதி, உறுதி இல்லாவிட்டால் மூன்றாவது விருப்பமாக எது வரக்கூடும். அந்த மூன்றாவது விருப்பத்தை நாலு வருஷம் படிக்க மனசு வருமா என்று பிள்ளையிடம், அப்பாவிடம் அல்ல, கேட்பேன். வராது என்றால், பெயர் கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் நேரடியாக மேஜர் தரும் கல்லூரியை மேலே ஏற்றுவோம். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். அண்ணன் சேர்ந்தபோது இருந்ததை நம்பித் தம்பிக்குப் பணம் கட்ட வேண்டாம். துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து அந்த வருஷத்து விதியைப் படியுங்கள். புரியாவிட்டால் அந்தத் துறையின் ஆலோசகருக்கு மின்னஞ்சல் போடுங்கள். பிள்ளையே போடட்டும்.

அந்தப் பையன் அங்கேதான் சேர்ந்தான். முதல் பருவ வேதியியல் அவனைக் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டது. வருஷக் கடைசியில் இரண்டாவது விருப்பமான எலக்ட்ரிகல் வந்தது. போன மாதம் பேசும்போது, தானே சால்டரிங் செய்த ஒரு போர்டைக் கேமராவுக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டினான். அப்பா மட்டும் சொந்தக்காரர்களிடம் இன்னும் "கம்ப்யூட்டர்" என்றுதான் சொல்லி வருகிறாராம்.